சிமாவ் சோலிஸ் பேர்ல ஒரு கல்லு வைங்க: போர்ச்சுக்கல் நாடாளுமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

போர்ச்சுக்கல் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும், லிஸ்பன்ல இருக்குற தேசிய பாந்தியனை நிர்வாகம் பண்றவங்களுக்கும்,

வணக்கம். நான் தூத்துக்குடிக்காரன். என் பேருக்குப் பின்னாடி ஃபெர்னாண்டோன்னு ஒட்டிக்கிட்டு இருக்கு. எங்க தெருவுல கோஸ்தா, ரோச், மச்சாடோ, வாஸ், கொரேரான்னு வரிசையா வீடு இருக்கும், அதுல ஒருத்தர் கூட உங்க நாட்டுக்காரர் கெடையாது, எல்லாரும் பரதவர், கடலுக்குப் போற குடும்பம், 1530-கள்ல எங்க முன்னோருங்க ஊர் ஊரா ஞானஸ்நானம் வாங்குனப்போ வந்து சேர்ந்த பேருங்க அதெல்லாம். அதனால உங்க ஊருக்கு வந்தப்ப முழுசா வெளியாளு மாதிரியும் தோணல, சொந்தக்காரன் மாதிரியும் தோணல.

தமிழ்ல எழுதுறானேன்னு பாக்காதீங்க. 1554-லயே உங்க லிஸ்பன்ல தமிழ் ஞானோபதேசப் புத்தகம் அச்சடிச்சிருக்காங்க, எழுத்து ரோமன் எழுத்து, ஆனா வார்த்தையெல்லாம் தமிழ். அப்பவே முடிஞ்சதுன்னா இப்ப ஒரு மடலைப் படிச்சுச் சொல்ல ஆளு கெடைக்காமயா போயிடும். உங்க மொழியில ஒரு காப்பியும் சேர்த்தே அனுப்புறேன்.

சுத்தி வளைக்காம விஷயத்துக்கு வந்துடுறேன். சாந்தா எங்ராசியா கோயில், அதாவது இப்ப உங்க நாட்டுப் பெரிய மனுஷங்களுக்கு நினைவு மண்டபமா இருக்குற தேசிய பாந்தியன், அதுக்குள்ள சிமாவ் பிரெஸ் சோலிஸ்னு ஒரு மனுஷன் பேர்ல ஒரு கல்லு பதிக்கணும். கல்லறை வேண்டாம், சிலை வேண்டாம், அணிவகுப்பு மரியாதை எதுவும் வேண்டாம். பேரு, வருஷம், என்ன நடந்துச்சுன்னு ரெண்டு வரி, அவ்ளோதான்.

ஏன்னு சொல்றேன்.

நான் போனது ஒரு சனிக்கிழமை. செவ்வாயும் சனியும் அந்த சாந்தா கிளாரா மைதானத்துல பழைய சாமான் சந்தை போடுவாங்கல்ல, அந்தக் கூட்டத்துக்குள்ள புகுந்துதான் வந்தேன், தரையில துணிய விரிச்சு துருப்பிடிச்ச சாவி, சுவர்ல இருந்து பேத்து எடுத்த நீல ஓடு, யாரோட கல்யாண போட்டோவோ, பல்லு போன சீப்பு கூட வித்துட்டு இருந்தாங்க, அதெல்லாம் தாண்டி நிமிந்து பாத்தா எதிர்ல உங்க கோயில். சுவரு நேரா இல்ல. உள்ள வாங்கி வெளிய தள்ளி, வளைஞ்சு வளைஞ்சு போகுது, நாலு மூலையிலயும் கோபுரம் எழும்ப வேண்டிய இடம் கனமா நிக்குது, வாசலுக்கு மேல ரெண்டு சம்மனசு (தேவதூதர்) உங்க நாட்டுச் சின்னத்தைப் பிடிச்சுக்கிட்டு இருக்கு.

உள்ள போனதும் வாயடைச்சுப் போயிட்டேன், அதை ஒத்துக்கிட்டே ஆகணும். பரோக் கோயில்னா மரத்துல செதுக்கி தங்கம் பூசி ஒரு விரக்கடை இடம் விடாம பூவும் கொடியுமா இருக்கும்னு உங்க ஊர்ல மத்த கோயிலைப் பாத்துப் பழகியிருந்தேன். இங்க அதெல்லாம் இல்ல. வெறும் கல்லு. ஆனா அந்தக் கல்லு ரோஸ்ல, மஞ்சள்ல, சாம்பல்ல, கருப்புல, தரை முழுக்க வட்டமும் நட்சத்திரமுமா இழைச்சுப் போட்டிருக்கு, நாலு பக்கமும் ஒரே நீளத்துக்குக் கை நீட்டுற குருசு மாதிரி கட்டடம், நட்ட நடுவுல தலைக்கு மேல டோம். ஒரு சின்னப் பையன் வேணும்னே ஷூவைத் தரையில தேய்ச்சு கீச்சு கீச்சுனு சத்தம் போட்டான், அந்தச் சத்தம் மேல போய் டோம்ல ஒரு சுத்து சுத்திட்டு எங்கயோ பின்னாடி இருந்து திரும்பி வருது, அவங்க அம்மா அதட்டுனதும் கூடவே ரெண்டு தடவை கேட்டுச்சு. 1682-ல இதுக்கு பிளான் போட்ட ஜுவாவ் அந்துனெஸ் இந்த டோமைப் பாக்கவே இல்ல, அவரு 1712-ல செத்துட்டாரு, டோம் போட்டது 1966-ல.

இந்த இடைவெளியை வச்சு அங்க ஒரு சிரிப்பு. பக்கத்துல ஒரு டூரிஸ்ட் கூட்டத்துக்கு கைடு ஒருத்தர் இங்கிலீஷ்ல சொல்லிட்டு இருந்தாரு, எங்க நாட்டுல ஒரு வேலை இழுத்துக்கிட்டே போச்சுன்னா இது சாந்தா எங்ராசியா கோயில் வேலைடான்னு சொல்லுவோம், ஏன்னா ஒருத்தன் சாபம் விட்டான், இந்தக் கோயிலைக் கட்டி முடிக்கவே மாட்டீங்கன்னு, அவன் சொன்ன மாதிரியே 284 வருஷம் ஆச்சுன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. ஒரு அம்மா, எங்க வீட்டு கிச்சன் வேலையும் அப்படித்தான்னாங்க, திரும்பவும் சிரிப்பு. அப்புறம் லிஃப்ட் எங்க இருக்கு, மாடியில இருந்து தேஜு ஆறு நல்லாத் தெரியுமான்னு பேச்சு போயிடுச்சு.

சாபம் விட்டவன் யாரு, அவனை என்ன பண்ணாங்கன்னு யாரும் கேக்கல, அந்தக் கைடும் சொல்லல.

உங்களுக்குத் தெரிஞ்ச கதைதான், ஆனாலும் எங்க ஆளுங்க படிக்கறதுக்காக எழுதுறேன். அந்த இடத்துல முதல்ல இருந்தது வேற கோயில், 1568-ல மானுவல் ராஜாவோட மக மரியா இளவரசி கட்ட வச்சது. 1630 ஜனவரியில ஒரு ராத்திரி யாரோ உள்ள புகுந்து நற்கருணைப் பேழையை உடைச்சு, உள்ள இருந்த, இயேசுவோட உடம்புன்னு நாங்க கும்பிடுற அப்பத்தைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. எங்க ஊர்ல இப்படி நடந்தா கூட ஊரே ரெண்டாகும், அந்தக் காலத்து லிஸ்பன் எப்படிக் கொதிச்சிருக்கும்னு யோசிச்சுக்கோங்க. ஆளு கெடைக்கணும். சிமாவ் சோலிஸை ராத்திரி நேரத்துல அந்தப் பக்கம் பாத்ததாச் சொன்னாங்க. அதைவிட முக்கியமா, அவரு 'புதுக் கிறிஸ்தவர்'. 1497-ல உங்க ராஜா யூதங்களை வலுக்கட்டாயமா மதம் மாத்துனாருல்ல, அந்தக் குடும்பங்கள்ல வந்தவரு. நூத்தி முப்பது வருஷத்துக்கு மேல ஆகியும் புதுசாவே இருந்தாங்க அவங்க, எத்தனை தலைமுறை பூசைக்குப் போனாலும் பழசு ஆகவே விடல.

பிடிச்சு சித்திரவதை பண்ணாங்க. ராத்திரி அங்க என்ன வேலைன்னு கேட்டப்ப அவரு வாயைத் திறக்கல. 1631-ல கையை வெட்டி எரிச்சுக் கொன்னாங்க.

மிச்சம் எல்லாம் ஜனங்க சொல்ற கதை. பக்கத்துல இருந்த சாந்தா கிளாரா மடத்துல ஒரு கன்னியாஸ்திரியை அவரு விரும்பினாரு, அவளைப் பாக்கத்தான் குதிரைக் குளம்புல துணிய சுத்திக்கிட்டு சத்தம் வராம ராத்திரி ராத்திரி வருவாரு, அவ மானம் போயிடக்கூடாதுன்னுதான் கடைசி வரைக்கும் பேசல, சாவுக்குக் கூட்டிட்டுப் போறப்ப கோயில் வேலை நடக்கறதைப் பாத்துட்டு, நான் குத்தவாளி இல்லைங்கறது எவ்வளவு நிஜமோ இந்த வேலை முடியப் போறதில்லைங்கறதும் அவ்வளவு நிஜம்னு கத்துனாருன்னு சொல்றாங்க. பின்னாடி வேற ஒரு திருடன் சாகுறப்போ நான்தான் எடுத்தேன்னு ஒத்துக்கிட்டான்னும் சொல்றாங்க. கன்னியாஸ்திரி பேரு கூட வச்சிருக்காங்க, வியோலாந்தேன்னு. சினிமாவுக்கு ஏத்த கதை, எனக்கு இதுல முழு நம்பிக்கை கெடையாது. ஆனா அந்த நெருப்பு கதை இல்ல. அது நடந்தது.

சரி, கோயில் ஏன் முடியலன்னு பாப்போம். திருட்டு நடந்ததும் ஊர்ல இருந்த பெரிய பெரிய பிரபுங்க நூறு பேரு சேர்ந்து நற்கருணையோட அடிமைகள்னு ஒரு சபை ஆரம்பிச்சாங்க, ஆண்டவருக்கு நடந்த அவமானத்துக்குப் பரிகாரம் பண்ணணும்னு. பழைய கோயில் 1681-ல புயல்ல இடிஞ்சு விழ, அடுத்த வருஷமே புதுசுக்கு அடிக்கல். இந்தப் பளிங்கு, இந்த வளைஞ்ச சுவரு எல்லாம் அந்தப் பரிகாரத்துக்காகக் கட்டுனது. முப்பது வருஷம் ஜோரா வேலை நடந்துச்சு. அப்புறம் அந்துனெஸ் செத்தாரு, ஜுவாவ் ராஜா, அஞ்சாம் ஜுவாவ், பிரேசில் தங்கம் கப்பல் கப்பலா வந்து கையில காசு புரண்டப்போ அதைக் கொண்டு போயி மாஃப்ராவுல அரண்மனையும் மடமும் கட்டப் போயிட்டாரு, 1717-ல அங்க அடிக்கல் போட்டாச்சு, இங்க சாந்தா எங்ராசியாவுக்குக் கூரை கெடையாது. அப்புறம் வந்தவங்களும் கண்டுக்கல. பட்டாளத்துக்காரங்க சாமான் போட்டு வச்சாங்க, செருப்புத் தைக்கிற பட்டறை கூட நடந்துச்சு உள்ள. 1916-ல குடியரசுக்காரங்க இதைத் தேசிய பாந்தியன்னு அறிவிச்சாங்க, அறிவிச்சு அம்பது வருஷம் கழிச்சுத்தான் சர்வாதிகாரி சலாசார் ஆட்சியில கான்கிரீட்ல டோம் போட்டு 1966 டிசம்பர் 7-ஆம் தேதி திறந்தாங்க.

ஆக முடியாமப் போனதுக்குக் காரணம் ராஜா காசை வேற எடத்துல கொட்டுனது, அடுத்தடுத்து வந்தவங்க மெத்தனம். இதுல சாபம் எங்க வந்துச்சு? முதல்ல திருட்டுப் பழியை அந்த மனுஷன் மேல போட்டு எரிச்சாச்சு. அப்புறம் 284 வருஷம் நீங்க வேலையை முடிக்காததுக்கும் அவன் சாபம்தான் காரணம்னு அந்தப் பழியையும் அவன் மேலயே போட்டாச்சு. மாஃப்ராவைக் காட்டி எந்த ராஜாவையும் யாரும் கிண்டல் பண்றதில்ல, அங்க போறவன் எல்லாம் ஆஹா எவ்ளோ பெருசுன்னுட்டு வரான்.

இன்னொண்ணும் சொல்லணும், நான் கிறிஸ்தவன், நற்கருணை வாங்குறவன், அதனால இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்குன்னு நெனைக்கிறேன். களவு போன அப்பத்துக்குப் பரிகாரமா நூறு பிரபுக்கள், ஒரு சபை, ஒரு முழுக் கோயில். எரிஞ்சு போன மனுஷனுக்கு? சாந்தா எங்ராசியாங்கறதே யாரு, விசுவாசத்துக்காக சித்திரவதைப்பட்டு செத்த ஒரு பொண்ணு, வேதசாட்சி. அவ பேர்ல இருக்குற கோயிலுக்காக இன்னொருத்தரை சித்திரவதை பண்ணிக் கொன்னிருக்காங்க, இது அவளுக்கே அடுக்குமா?

இப்ப உள்ள யார் யாரு இருக்காங்கன்னு பாப்போம். நீங்க உடனே சட்டம் பேசுவீங்கன்னு தெரியும், நாட்டுக்குப் பெரிய சேவை பண்ணவங்களுக்குத்தான் பாந்தியன்னு, அதை நாடாளுமன்றம் முடிவு பண்ணணும்னு. சரி. ஆனா உங்க பாந்தியன் அவ்வளவு கறாரான எடம் இல்ல, அதான் எனக்கு அதுல பிடிச்சதே. நடுவுல பெரிய பெரிய கல்லறையா ஆறு இருக்கு, வாஸ்கோ டா காமா, அல்புகர்க், கப்ரால், கவிஞர் கமோயிஸ், ஹென்ரிக் இளவரசர், நூனோ அல்வாரெஸ் பெரெய்ரா. ஆறும் காலி! உள்ள ஒரு எலும்பு கெடையாது. காமாவும் கமோயிஸும் பெலேம்ல ஜெரோனிமோஸ் மடத்துல, ஹென்ரிக் பட்டால்யாவுல, கப்ரால் சாந்தாரேம்ல. வெறும் நினைவுக்கு வச்ச கல்லு. ஆக உடம்பு இல்லாதவங்களுக்கும் இங்க எடம் உண்டு, அதை நீங்களே ஆரம்பிச்சு வச்சிருக்கீங்க. சோலிஸுக்கும் உடம்பு இல்ல, எப்படி இல்லாமப் போச்சுங்கறதுதான் வித்தியாசம்.

ஓரத்து அறைகள்ல நிஜமாவே இருக்காங்க. பாடகி அமாலியா ரொட்ரிகிஸ் கல்லறையில அன்னைக்கும் பூ இருந்துச்சு, புதுப் பூ, யாரோ காலையிலயே வந்து வச்சிட்டுப் போயிருக்காங்க. நவம்பர் ரெண்டாந்தேதி எங்க கல்லறைத் தோட்டத்துல மெழுகுவத்தியும் செவ்வந்தியுமா நிக்கிற பழக்கம் எனக்கு, அதனால அந்த அறையில மட்டும் கொஞ்ச நேரம் சும்மா நின்னேன். 2001-ல அவங்களைக் கொண்டு வந்தப்போ அந்தக் கட்டடத்துக்குள்ள வந்த முதல் பொம்பளை அவங்கதான், அடுத்தது கவிஞர் சோஃபியா, அது 2014-ல. யூசெபியோவும் இருக்காரு, மொசாம்பிக்ல பொறந்து உங்க நாட்டுக்காகக் கோல் போட்ட மனுஷன், 2014 ஜனவரியில செத்தாரு, 2015 ஜூலையில இங்க கொண்டு வந்துட்டீங்க. நெனச்சா எவ்ளோ வேகமா பண்றீங்க பாருங்க. நாவலாசிரியர் எசா டி கெய்ரோஸை 2025 ஜனவரியில கொண்டு வந்தீங்க, அவரு கொள்ளுப்பேரப்பிள்ளைங்கள்ல சில பேரு வேண்டாம்னு கோர்ட்டு வரைக்கும் போயும்.

இதுல ரொம்ப யோசிக்க வச்சது வேற. ஆஸ்கர் கர்மோனா, சர்வாதிகார ஆட்சிக்கு ஜனாதிபதியா இருந்தவரு, அவரு இங்க இருக்காரு. அதே ஆட்சியை 1958 தேர்தல்ல எதுத்து நின்னு, 1965-ல அதே ஆட்சியோட ரகசிய போலீஸ் கையால செத்த ஜெனரல் உம்பெர்ட்டோ டெல்காடோவும் இங்கதான் இருக்காரு, 1990-ல கொண்டு வந்தீங்க. ஒரே கூரை. அதைப் போட்டு முடிச்ச சலாசாரு சொந்த ஊர்ல சாதாரணக் கல்லறையில. அப்ப இந்தக் கட்டடத்துல ஒருத்தர் இருக்கறதுனால இன்னொருத்தர் இருக்கக்கூடாதுன்னு ஒண்ணும் இல்லைல்ல? பழைய கணக்கைத் தீக்கறதுக்கு நீங்க ஏற்கனவே இந்த எடத்தைத்தான் யூஸ் பண்றீங்க.

அதுலயும் அரிஸ்டிடிஸ் டி சோசா மெண்டிஸ். 1940 ஜூன்ல பிரான்ஸ்ல போர்தோ நகரத்துல (உங்க போர்ட்டோ இல்ல, அது வேற) உங்க கான்சுலா இருந்து, விசா குடுக்காதேன்னு சலாசார் போட்ட உத்தரவை மீறி நாஜிக்காரன் கிட்ட இருந்து தப்பிச்சு வந்த யூதங்களுக்கும் மத்தவங்களுக்கும் பகலு ராத்திரி பாக்காம விசாவுல கையெழுத்துப் போட்டுத் தள்ளுனவரு. வேலை போச்சு, சோத்துக்கே கஷ்டப்பட்டு 1954-ல செத்தாரு. உங்க டோம் வேலை முடிஞ்ச அதே 1966-ல இஸ்ரேல்ல யாத் வாஷெம், நாஜிக்காரன் கொன்ன யூதங்களுக்கான நினைவு நிறுவனம், அவரைக் கௌரவிச்சுச்சு, நீங்க அப்ப இங்க காலிக் கல்லறைக்குப் பாலிஷ் போட்டுட்டு இருந்தீங்க. பரவால்ல, லேட்டானாலும் 2021 அக்டோபர்ல அவரு பேரை பாந்தியன்ல கல்லுல பதிச்சுட்டீங்க. உடம்பு இன்னும் அவரு கிராமத்துலதான் இருக்கு, இங்க பேரு மட்டும். நான் கேக்குறதும் இதே மாதிரிதான், இதைவிட சின்னதா இருந்தாக் கூடப் போதும்.

அவருக்குக் குடுத்தது சேவைக்கு, சோலிஸ் என்ன சேவை பண்ணாருன்னு கேப்பீங்க. எதுவும் பண்ணல. அதனாலதான் பாந்தியன் கௌரவம் குடுங்கன்னு நான் கேக்கல. இந்தக் கட்டடம் பாந்தியன் ஆகறதுக்கு முன்னாடி கோயில், அந்தக் கோயில் அங்க நிக்கறதுக்கே காரணம் 1630 திருட்டு, அந்தத் திருட்டுக்கு விலை குடுத்தது இவரு. கட்டடத்தோட சொந்த வரலாறா வைங்க, தேசத் தலைவர் வரிசையில வைக்க வேண்டாம். இதுக்கு நாடாளுமன்றத்துல தீர்மானம் வேணுமா, நிர்வாகமே பண்ணிக்கலாமான்னு நீங்க ரெண்டு பேரும் பேசிக்கோங்க, அதுக்குத்தான் ரெண்டு பேருக்கும் சேர்த்து எழுதுறேன்.

ஆதாரம் பத்தாது, நிஜத் திருடன் யாருன்னு தெரியாம எப்படி நிரபராதின்னு கல்லுல எழுதறதுன்னு வரலாற்று ஆளுங்க யாராவது சொல்லலாம். எழுத வேண்டாம். "சிமாவ் பிரெஸ் சோலிஸ். 1630-ல் இந்த இடத்தில் இருந்த பழைய கோயிலில் நடந்த திருட்டுக்காகச் சித்திரவதை செய்யப்பட்டு 1631-ல் எரித்துக் கொல்லப்பட்டார்." இதுல ஒரு வார்த்தையை யாராவது மறுக்க முடியுமா? கன்னியாஸ்திரி வேண்டாம், குதிரைக் குளம்பு வேண்டாம், சாபம் சுத்தமா வேண்டாம். புதுக் கிறிஸ்தவர்ங்கறதை மட்டும் சேர்த்துக்கோங்க, அது இல்லாம அவரை ஏன் பிடிச்சாங்கன்னு படிக்கிறவனுக்குப் புரியாது.

உங்களுக்கு இதெல்லாம் புதுசும் இல்ல. 1989-லயே உங்க ஜனாதிபதி மாரியோ சோரெஸ் யூதங்கள் கிட்ட மன்னிப்புக் கேட்டாரு. 1506-ல லிஸ்பன்ல புதுக் கிறிஸ்தவங்களைக் கொத்துக் கொத்தாக் கொன்னதுக்கு 2008-ல சாவ் தொமிங்கோஸ் கோயில் முன்னாடி நினைவுக்கல் வச்சீங்க, நான் போய்ப் பாத்தேன், அதைச் சுத்தி ஆப்பிரிக்காக்காரங்க உக்காந்து ஊர்க்கதை பேசிட்டு இருந்தாங்க, நல்லா இருந்துச்சு அந்த எடம். அப்புறம் அந்தக் காலத்துல துரத்துன யூதக் குடும்பங்களோட வாரிசுகளுக்கு குடியுரிமை குடுக்கறதா சட்டமே போட்டு 2015-ல இருந்து பாஸ்போர்ட் குடுத்தீங்க. பாஸ்போர்ட்டே குடுத்த நாடு ஒரு கல்லுக்கா யோசிக்கும்.

தூத்துக்குடிக்காரனுக்கு இதுல என்ன வந்துச்சுன்னு யாராவது கேட்டா, சொல்றேன். நீங்க லிஸ்பன்ல ஏத்துன நெருப்பு கப்பலேறி எங்க பக்கமும் வந்துச்சு. 1560-ல கோவாவுல இன்குவிசிஷன், அதாவது மத விசாரணை மன்றம், ஆரம்பிச்சீங்க, 1812 வரைக்கும் நடத்துனீங்க. கார்சியா டி ஓர்த்தான்னு ஒரு டாக்டர், அவரும் புதுக் கிறிஸ்தவர், கோவாவுல இருந்துக்கிட்டு நம்ம ஊர் மூலிகை, மிளகு, ஏலக்காய் எல்லாத்தையும் பத்தி 1563-ல புத்தகம் போட்டாரு. உங்க தேசியக் கவி கமோயிஸோட கவிதை முதல் முதலா அச்சுல வந்தது அந்தப் புத்தகத்துலதான். ஓர்த்தா 1568-ல செத்தாரு. மறு வருஷம் அவரு தங்கச்சி கதரீனாவை எரிச்சாங்க. 1580-ல, செத்துப் பன்னெண்டு வருஷம் ஆன மனுஷனோட எலும்பைக் குழியில இருந்து தோண்டி எடுத்து அதையும் எரிச்சாங்க! ரகசியமா யூதனா இருந்தாருன்னு. கமோயிஸுக்கு எலும்பே இல்லாம பாந்தியன்ல கல்லறை, அவரு கவிதையை முதல்ல அச்சுல ஏத்துன மனுஷனுக்கு இருந்த எலும்பும் போச்சு. இன்னைக்கு அல்மாடாவுல ஓர்த்தா பேர்ல பெரிய ஆஸ்பத்திரி வச்சிருக்கீங்க, சந்தோஷம்தான், அப்படித்தான் பண்ணணும். எரிச்சவங்க பேரை நாலு நூறு வருஷம் கழிச்சு எழுதி வைக்க உங்களுக்குத் தெரியும்னு சொல்றதுக்குத்தான் இதைச் சொல்றேன்.

காமா 1502-ல மலபார் கடல்ல ஹஜ் முடிச்சுத் திரும்புன கப்பலைப் பொம்பளை புள்ளைங்களோட சேர்த்து எரிச்சதையும் அல்புகர்க் கோவாவுல பண்ணதையும் அந்தக் காலிக் கல்லறைங்களுக்குப் பக்கத்துல எழுதணுமா வேண்டாமாங்கறது பெரிய சண்டை, அதுக்குத் தனியா ஒரு மடல் எழுதணும், இதுக்குள்ள இழுத்தா இதுவும் நடக்காது. இது சின்ன வேலை. சின்ன வேலையை முதல்ல முடிப்போம்.

எங்க வைக்கலாம்னு கூட யோசிச்சுட்டேன். ஆறு கல்லறை இருக்குற பெரிய எடத்துல வேண்டாம், அங்க வச்சா சண்டை வரும். வாசல்ல நுழைஞ்சதும் டிக்கெட் காட்டிட்டு நிக்கிற எடத்துல, தரை மட்டத்துலயே, அந்தக் கலர்க் கல்லுங்களோட ஒட்டி வைக்கலாம், எல்லாரும் அங்க ஒரு நிமிஷம் நின்னு போனை வெளிய எடுத்துட்டுத்தான் உள்ள போறாங்க. போர்ச்சுக்கீசுலயும் இங்கிலீஷ்லயும் இருந்தாப் போதும். எபிரேயத்துல ஒரு வரி சேர்த்தீங்கன்னா இன்னும் நல்லது. கைடுங்களுக்கு நீங்க நடத்துற பயிற்சியில இதையும் சொல்லிக் குடுங்க, கிண்டலை விட்டுடச் சொல்லல, கிண்டல் நல்லாத்தான் இருக்கு, அதைச் சொன்ன கையோட யாரை எரிச்சாங்கன்னும் சொல்லிட்டு லிஃப்ட்டுக்குக் கூட்டிட்டுப் போகட்டும். காசு பெருசா ஆகாது. 2017-ல இந்தக் கல்லறைங்களுக்கு நடுவுலயே டேபிள் போட்டு டெக் கம்பெனி முதலாளிங்களுக்கு டின்னர் நடத்த வாடகைக்கு விட்டு, அப்புறம் பிரதமரே இது அசிங்கம்னு சொல்லி ஊரே சிரிச்சுதுல்ல, அன்னைக்கு வந்த வாடகையில இருந்து கொஞ்சம் எடுத்தாலே கல்லு, கல்வெட்டுக் கூலி, எல்லாம் முடிஞ்சிடும்.

2030 ஜனவரியில அந்தத் திருட்டு நடந்து 400 வருஷம், 2031-ல அவரைக் கொன்னு 400 வருஷம். இப்ப ஃபைலை நகத்துனாத்தான் அதுக்குள்ள முடியும். உங்க சாந்தா எங்ராசியா வேலை மாதிரி இழுத்துடாதீங்கன்னு சொல்ல வாய் வருது, சொல்லல. யாரு கிட்ட மனு குடுக்கணும், எந்தக் கமிட்டி பாக்கும்னு ஒரு பதில் போட்டீங்கன்னா, அதுக்குண்டான விண்ணப்பத்தைப் போர்ச்சுக்கீசுலயே தயார் பண்ணி அனுப்பிடுறேன். இங்க எங்க ஊர்ல கையெழுத்துப் போட ஃபெர்னாண்டோ, கோஸ்தா, மச்சாடோ எல்லாம் நெறைய இருக்காங்க, பேரைப் பாத்து உங்க ஊர்க்காரங்கன்னு நெனச்சுடாதீங்க.

இப்படிக்கு,
தூத்துக்குடியில இருந்து ஒரு ஃபெர்னாண்டோ